தைராய்டு புற்றுநோய்: குடல் கிருமிகளுக்கு இதில் என்ன வேலை?

குடல் கிருமிகளைச் சீராக்கினால் தைராய்டு புற்றுநோயைத் தடுத்துவிடலாம் என்ற பேச்சு அடிபடுகிறது. அறிவியல் இன்னும் அவ்வளவு தூரம் போகவில்லை. அதற்காக வயிற்றுக்கும் கழுத்திலுள்ள தைராய்டுக்கும் உறவே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது.

குடலில் நடப்பது

தைராய்டு ஹார்மோனுக்கு மூலப்பொருளான அயோடின், இரைப்பை, சிறுகுடல் வழியாகத்தான் இரத்தத்தில் சேர்கிறது. வேலை முடிந்த ஹார்மோனில் ஒரு பகுதியைக் கல்லீரல் வேறொரு பொருளோடு பிணைத்து, பித்தநீரில் குடலுக்கு அனுப்புகிறது. அங்குள்ள பாக்டீரியாக்களின் நொதிகள் அந்தப் பிணைப்பை அவிழ்த்துவிட, கொஞ்சம் ஹார்மோன் மறுபடி இரத்தத்துக்குத் திரும்புகிறது. நார்ச்சத்திலிருந்து பியூட்டிரேட் போன்ற அமிலங்களை உண்டாக்கி, குடல் சுவரைக் காத்து அழற்சியை அடக்குவதும் இதே பாக்டீரியாக்கள்தாம்.

எடையும் இன்சுலினும்

உடல்பருமனோடு தொடர்புள்ளவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் அறிவித்த 13 புற்றுநோய்களில் தைராய்டும் ஒன்று. பருமனானவர்களிடம் இன்சுலின் சரிவர வேலை செய்யாதபோது உடல் அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. மிகுந்த இன்சுலின் தைராய்டு செல்களைப் பெருகத் தூண்டக்கூடும். இன்சுலினின் செயல்பாட்டில் குடல் கிருமிகளுக்கும் பங்கு உண்டு என்பதால் ஆய்வாளர்களின் பார்வை இங்கே குவிந்திருக்கிறது.

காரணமா, விளைவா?

தைராய்டு புற்றுநோயாளிகளின் குடலில் கிருமிகளின் கலவை மாறியிருப்பதைச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் ஹார்மோன் அளவு மாறினாலே குடல் அசைவு மாறும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டாலும் கலவை மாறும். ஆகவே நோயை உண்டாக்கியது கிருமிதான் என்று இப்போதைக்குச் சொல்வதற்கில்லை. சிறுவயதில் படும் கதிர்வீச்சோ ஐயத்துக்கு இடமில்லாத காரணம்: 1986 செர்னோபில் அணுஉலை விபத்துக்குப் பின் கதிரியக்க அயோடின் கலந்த பாலைக் குடித்த பிள்ளைகளிடம் இந்தப் புற்றுநோய் பெருகியது. குடலுக்கு நல்லவை என்று தயிரும் பழைய சோறும் தாராளமாகச் சாப்பிடலாம், புற்றுநோய்க்கு மருந்து என்று நினைத்து அல்ல.

சிகிச்சைக்குப் பிறகு

வயிற்றின் பங்கு பளிச்சென்று தெரிவது இங்கேதான். தைராய்டு சுரப்பியை முழுதாக அகற்றியவர்கள் வாழ்நாள் முழுவதும் தைராக்சின் மாத்திரை போட வேண்டும். அதை உறிஞ்சுவது சிறுகுடல். இரைப்பையில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா புண்படுத்தியிருந்தால் மாத்திரை சரிவரக் கரையாமல், வழக்கமான அளவு போதாமல் போகலாம். ஒழுங்காக மாத்திரை போட்டும் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) அளவு கட்டுக்குள் வராதவர்கள் வயிற்றையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

விழித்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மாத்திரை. காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும், நம் வீடுகளில் இதுதான் கடினம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. அறுவைக்குப் பின் கால்சியமும் சேர்த்து எழுதிக்கொடுத்திருந்தால், எதை எப்போது போடுவது என்று மருத்துவரிடம் நேரம் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.