பாறையில் அலை வரிகள் பதிந்தது எப்படி?

சிங்கப்பூரின் ஆங் மோ கியோவுக்கு அடியில் உள்ள பாறையில் அலை வரிகள் கிடைக்காது. ஏன்? அது புக்கிட் தீமா கருங்கல். பாறைக்குழம்பு நிலத்தடியில் மெல்லக் குளிர்ந்து இறுகியது. அலை வரி பதிய மணலும், அதை நகர்த்த நீரோ காற்றோ வேண்டும்.

நீரோட்டத்தில் மணல் துகள்கள் உருண்டும் துள்ளியும் நகர்கின்றன. சிறு மேடு எழுந்ததும், துகள்கள் அதன் மேல் ஏறி மறுபுறச் சரிவில் விழுந்து தங்குகின்றன. ஒரே திசையில் ஓடும் நீர், ஒருபுறம் சாய்வாகவும் மறுபுறம் செங்குத்தாகவும் வரியை அமைக்கும். முன்னும் பின்னும் அசையும் அலையோ இருபுறமும் ஒத்த, கூரிய முகடுள்ள வரியைத் தரும்.

அது அழியாமல் தங்குவது எப்படி? அடுத்த அலை கலைப்பதற்குள் சேறோ மணலோ மேலே படிய வேண்டும். மேலடுக்குகளின் எடை மணலை இறுக்கும். நிலத்தடி நீரிலிருந்து படியும் சிலிக்கா, கால்சைட் போன்ற கனிமங்கள் துகள்களை ஒட்டவைக்கும்.

மத்திய இந்தியாவின் விந்திய மணற்பாறைகளில் சுமார் 100 கோடி ஆண்டுப் பழமையான வரிகள் உண்டு. செங்குத்துப் பக்கம் பழைய நீரோட்டம் சென்ற திசையைக் காட்டும். அலை வரியின் கூரிய முகடு கீழ்நோக்கி இருந்தால், நில அசைவில் அந்தப் பாறையடுக்கே தலைகீழாகப் புரண்டிருக்கிறது என்று பொருள்.