வலியின்றி வண்டி ஓட்ட: வீட்டிலேயே செய்யத்தக்க மாற்றங்களும் செய்யத்தகாதவையும்

முதுகுவலிக்காகவும் மணிக்கட்டு மரத்துப்போதலுக்காகவும் மறுவாழ்வு மருத்துவப் பிரிவை நாடி வருவோரில் பலர் நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் செல்பவர்கள். பொருள்களை வீடுதோறும் கொண்டுசேர்ப்பவர்கள், விற்பனைப் பிரதிநிதிகள், இருபது முப்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள பணியிடத்திற்குச் சென்று திரும்புபவர்கள் ஆகியோருக்கு வண்டி என்பது பொழுதுபோக்கன்று, பிழைப்பு. “வண்டியை விட்டுவிடுங்கள்” என்று அவர்களிடம் சொல்வதால் பயனில்லை. ஆகவே அவர்கள் கேட்கும் கேள்வி நியாயமானது: “ஹேண்டில்பாரை உயர்த்திக்கொள்ளலாமா? ஃபுட்ரெஸ்ட்டை இடம் மாற்றலாமா? பட்டறையில் ஒரு துண்டு இரும்பை வெல்டிங் செய்து பொருத்தினால் போதாதா?”

சில மாற்றங்களை நீங்களே செய்துகொள்ளலாம். சிலவற்றைச் செய்யவே கூடாது. இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும். “இந்தப் பாகம் ஓடும்போது ஒடிந்தாலோ கழன்றாலோ என்ன நேரும்?” சற்று அசௌகரியம் மட்டுமே நேருமெனில், அதை வீட்டிலோ தெருமுனைப் பட்டறையிலோ செய்யலாம். வண்டி கட்டுப்பாட்டை இழக்குமெனில், அதைக் கையால் செய்யக்கூடாது. முதுகுவலியைத் தீர்க்கப்போய் எலும்பு முறிவுடன் அவசரப் பிரிவுக்கு வருவது எவ்வகையிலும் இலாபமாகாது.

மூன்று புள்ளிகள்

வண்டியில் அமரும் நிலையை மூன்று புள்ளிகள் தீர்மானிக்கின்றன: கைப்பிடி, இருக்கை, பாதம் வைக்கும் ஃபுட்ரெஸ்ட். இம்மூன்றையும் கோட்டால் இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். அந்த முக்கோணம் உங்கள் உடலளவுக்குப் பொருந்தாதபோது, பொருந்தாத பக்கத்தை உடல் தன் தசைகளாலும் மூட்டுகளாலும் ஈடுகட்ட முயல்கிறது. அதுவே வலியாக வெளிப்படுகிறது.

கைப்பிடி தாழ்ந்தும் முன்தள்ளியும் இருந்தால் உடலின் மேற்பகுதி முன்னோக்கிச் சாய்கிறது. பந்தய வண்டிகளில் இந்நிலைக்குக் காரணம் உண்டு. மிகுந்த வேகத்தில் எதிர்க்காற்று மார்பைத் தாங்கிப் பிடிப்பதால் கைகளின் சுமை குறைகிறது. நகரப் போக்குவரத்தில் அத்தகைய காற்று இல்லை. மேலுடலின் எடையில் ஒரு பங்கை மணிக்கட்டுகளே சுமக்கின்றன. பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை மரத்துப்போனால் மணிக்கட்டின் நடுவே செல்லும் நரம்பு அழுத்தப்படுகிறது என்று ஐயுறலாம். சுண்டுவிரலும் மோதிர விரலின் ஒரு பாதியும் மரத்துப்போனால், உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க அடிப்பகுதியிலோ முழங்கையிலோ வேறொரு நரம்பு அழுத்தப்படலாம்.

ஃபுட்ரெஸ்ட் மிக உயரமாகவும் பின்தள்ளியும் இருந்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்குகிறது. முழங்கால் சில்லுக்குப் பின்னுள்ள மூட்டுப்பரப்பில் அழுத்தம் கூடுகிறது. மாறாக, ஃபுட்ரெஸ்ட் வெகுதூரம் முன்னே இருக்கும் வண்டிகள் பார்வைக்குச் சாய்வு நாற்காலிபோல் சுகமாகத் தோன்றும். ஆனால் வேகத்தடையிலோ பள்ளத்திலோ ஏறும்போது கால்களை ஊன்றி இடுப்பைச் சற்று உயர்த்திக்கொள்ள அவற்றில் இயலாது. அதிர்ச்சி முழுவதும் நேராக முதுகெலும்பின் அடிப்பகுதிக்குச் செல்கிறது. அமர்ந்திருக்கும் மனித உடல், மேலும் கீழுமான அதிர்வுகளில் நொடிக்கு ஏறத்தாழ 4 முதல் 8 முறை நிகழ்பவற்றுக்கே மிகுதியாக ஆட்படும். மேடு பள்ளமான சாலையில் எழும் அதிர்வுகள் பெரும்பாலும் இவ்வளவில் அடங்குபவை.

முதலில் அளந்து பாருங்கள்

எதையும் மாற்றுமுன் வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, வீட்டிலுள்ள ஒருவர் பிடித்துக்கொள்ள, வழக்கம்போல் அமருங்கள். மற்றொருவர் பக்கவாட்டிலிருந்து, இருக்கையின் உயரத்தில் கைபேசியை வைத்து ஒரு படம் எடுக்கட்டும். அப்படத்தில் காண வேண்டியவை நான்கு. முழங்கை சற்று மடங்கியிருக்கிறதா, விறைத்து நீண்டிருக்கிறதா? மணிக்கட்டு முன்கையோடு நேர்க்கோட்டில் இருக்கிறதா? இடுப்பின் இயல்பான உள்வளைவு காணப்படுகிறதா, அல்லது முதுகு வில்போல் வெளியே வளைந்திருக்கிறதா? முழங்கால் செங்கோணத்தைவிடக் குறுகலாக மடங்கியிருக்கிறதா?

இந்தப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு வாரம் ஓட்டிப் பார்த்த பின்பே அடுத்ததைத் தொடுங்கள். மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பயன் தந்தது, எது புதிய வலியைத் தந்தது என்று அறிய வழியிராது.

செலவில்லாத மாற்றங்கள்

பலருக்குப் புதிய பாகமே தேவைப்படுவதில்லை; வண்டியில் ஏற்கெனவே உள்ள ஏற்பாடுகளைத் தம் உடலுக்கேற்பத் திருப்பினால் போதும்.

கிளட்ச், பிரேக் பிடிகளைத் தாங்கும் பட்டையைத் தளர்த்திப் பிடியைச் சற்று மேலோ கீழோ சுழற்றலாம். விரல்களை அதன்மேல் வைக்கும்போது புறங்கையும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மணிக்கட்டு வலிக்கு இதுவே பல நேரங்களில் போதிய மருந்து. கியர் மிதி, பல்வரிசை கொண்ட தண்டில் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு பல் மேலோ கீழோ மாற்றிப் பொருத்தினால் கணுக்காலை வருத்தி உயர்த்த வேண்டியதில்லை. பின் பிரேக் மிதியின் உயரத்தையும் பல வண்டிகளில் திருகாணியால் மாற்றலாம். மாற்றிய பின் மிதியின் தளர்வு கையேட்டில் சொல்லப்பட்ட அளவில் இருக்கிறதா, மிதித்தவுடன் பின்விளக்கு எரிகிறதா, மிதியை விட்டபின் சக்கரம் தடையின்றிச் சுழல்கிறதா என்று சரிபார்ப்பது இன்றியமையாதது.

பின்புற ஷாக் அப்சார்பரின் சுருளை இறுக்கவும் தளர்த்தவும் படிகள் இருக்கும். ஒல்லியான ஒருவர், இருவர் அமர்வதற்கான இறுக்கத்தில் தனியே ஓட்டினால் ஒவ்வொரு பள்ளமும் முதுகில் இடிக்கும். டயரின் காற்றழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டியிருந்தாலும் அப்படியே.

வீட்டிலும் பட்டறையிலும் செய்யத்தக்கவை

இருக்கை: நீங்களே சீர்செய்யத்தக்கவற்றுள் தலையாயது இதுவே. இருக்கை முன்னோக்கிச் சரிந்திருந்தால் உடல் டேங்கை நோக்கி வழுக்கிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்கக் கைகளை ஊன்றுவீர்கள். ஹேண்டில்பாரின் குற்றம் என்று கருதப்படும் மணிக்கட்டு வலி உண்மையில் இருக்கைச் சரிவின் குற்றமாக இருக்கக்கூடும். சீட் கவர் தைப்பவரிடம் சொல்லி முன்பகுதியில் ஆப்பு வடிவில் ஃபோம் வைத்துச் சரிவைச் சமன்செய்யலாம். வெட்டுமுன், மடித்த போர்வையை வைத்து நின்ற வண்டியில் உயரத்தைச் சோதித்துப் பாருங்கள். அதை வைத்துக்கொண்டு சாலையில் ஓட்டாதீர்கள்.

மென்மை மிகுந்த ஃபோம் நல்லது என்பது தவறான எண்ணம். கைமுட்டியால் அழுத்தும்போது அடிப்பலகை தட்டுப்பட்டால், அரைமணி நேரத்தில் இடுப்பெலும்பின் அமர்வு முனைகளும் அப்பலகையைத் தொட்டுவிடும். கெட்டியான ஃபோம் அடியிலும், சற்று மிருதுவானது மேலுமாக இரண்டு அடுக்குகள் வைப்பது ஏற்றது.

கால் தரையில் எட்டவில்லை என்று இருக்கையின் உயரத்தைக் குறைப்போர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். இருக்கை தாழ்ந்தால் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் அதற்குமான தொலைவும் குறையும். முழங்கால் மேலும் மடங்கும். உயரத்தைக் குறைப்பதைவிட, இருக்கையின் முன்பகுதியில் இருபுற ஓரங்களையும் சீவிக் குறுக்குவது மேல். தொடைகள் நெருங்கி வருவதால் பாதம் தரையைத் தொடும்; ஃபோமின் கனமும் குறையாது.

கைப்பிடி உறை: மெல்லிய கைப்பிடியை இறுகப் பற்ற வேண்டியிருப்பதால் முன்கைத் தசைகள் களைக்கும். மிருதுவான, சற்றுத் தடித்த உறை உதவும். அதிர்வைக் குறைக்க ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் பொருத்தும் எடைத்துண்டுகளை லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். ஆக்சிலரேட்டர் பக்கத்தில் மட்டும் ஒரு கட்டாயச் சோதனை உண்டு: முறுக்கி விட்டவுடன் கைப்பிடி தானாகப் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். உறையோ எடைத்துண்டோ சிறிதளவு உரசினாலும் அதைக் கழற்றிவிடுங்கள்.

கையால் செய்யத்தகாதவை

ஹேண்டில்பார், அதை உயர்த்தும் கட்டைகள், ஃபுட்ரெஸ்ட்டைத் தாங்கும் சட்டம், பிரேக் மிதி, நடு ஸ்டாண்ட், பக்க ஸ்டாண்ட் ஆகியவற்றை வெட்டியோ ஒட்டவைத்தோ செய்யாதீர்கள். பட்டறைக்காரரின் திறமையில் குறை காண்பதற்காக இதைச் சொல்லவில்லை; உலோகத்தின் இயல்பு அத்தகையது.

ஒருமுறை ஏறி நின்று பார்த்து, “அசையவில்லை, உறுதியாக இருக்கிறது” என்று சொல்லும் சோதனை போதாது. சிறு சிறு விசைகள் இலட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்பத் தாக்கும்போது உலோகம் களைப்புறுகிறது. கூர்மையான மூலையிலோ, துளையின் விளிம்பிலோ, வெல்டிங் ஓரத்திலோ கண்ணுக்குப் புலப்படாத விரிசல் தோன்றி, மெல்ல வளர்ந்து, ஒருநாள் முன்னறிவிப்பின்றி ஒடிகிறது. வலுவூட்டப்பட்ட அலுமினியக் கலவைகள் வெப்பப் பதப்படுத்தலால் வலிமை பெற்றவை. வெல்டிங் வெப்பம் பட்ட இடத்தில் அந்த வலிமை பெருமளவு போய்விடும். நீண்டதூர ஓட்டத்தால் எலும்பிலும் இவ்வாறே களைப்பு முறிவு ஏற்படுவதுண்டு. எலும்புக்கு ஓய்வு தந்தால் அது தன்னைத்தானே சீர்செய்துகொள்ளும். இரும்புக்கு அந்தப் பேறு இல்லை.

ஹேண்டில்பாரை உயர்த்துவது உண்மையிலேயே தேவையென்றால், உங்கள் வண்டியின் வகைக்கென்றே தயாரிக்கப்பட்ட கட்டைகளை, அந்நிறுவனத்தின் பணிமனையில் கேட்டுப் பொருத்துங்கள். பொருத்திய பின் எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டில்பாரை இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை திருப்புங்கள். எஞ்சினின் வேகம் தானாகக் கூடினால் ஆக்சிலரேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று பொருள். கிளட்ச் கேபிளும் பிரேக் எண்ணெய்க் குழாயும் எந்நிலையிலும் விறைக்கக்கூடாது.

சட்டத்தையும் கருத்தில் கொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்றிதழ் மாறுபடும்படி வாகனத்தைத் திருத்துவதைத் தடைசெய்கிறது. அனுமதியில்லாத மாற்றம் விபத்துக்குப்பின் காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் சிக்கல் தரலாம். இளம்பிள்ளைவாதம், உறுப்பிழப்பு, பக்கவாதம் போன்றவற்றால் உடற்குறை உள்ளவர்களுக்கெனத் தகவமைத்த வாகனங்களுக்குச் சட்டமே இடம் தருகிறது. அவர்கள் தாமாகத் துணைச்சக்கரங்களைப் பொருத்தாமல், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வழியாகவே செய்துகொள்ள வேண்டும்.

பின்னால் அமர்பவருக்கு

நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துவரும் குடும்பத்தினர் கவனிக்க வேண்டியது இது. பின்னிருக்கையில் ஒருபக்கமாக அமர்பவரின் முதுகெலும்பு பயணம் முழுவதும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். முதுகு அறுவை சிகிச்சையோ இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையோ செய்துகொண்டவர், சிகிச்சை அளித்த மருத்துவர் அனுமதிக்கும்வரை இருசக்கர வண்டியில் ஏறவே கூடாது. மற்றவர்களும் இயன்றவரை இருபுறமும் கால் போட்டு அமர்வதே நல்லது. பின்சக்கரத்தை மறைக்கும் சேலைத் தடுப்பும், பின்னவருக்கான கைப்பிடியும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி கட்டாயமாக்கியவை. அழகுக்காக அவற்றைக் கழற்றிவிடாதீர்கள்.

வண்டியை மாற்றினால் தீராத வலி

கீழ்க்காணும் அறிகுறிகள் இருக்கும்போது இருக்கையையும் ஹேண்டில்பாரையும் ஆராய்ந்துகொண்டிருக்க வேண்டாம். முதுகுவலியுடன் சிறுநீர் கழிக்க இயலாமையோ தன்னையறியாமல் சிறுநீர், மலம் கழிதலோ, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி உணர்வின்மையோ, கால்களில் வளர்ந்துவரும் பலவீனமோ ஏற்பட்டால் அன்றே, அப்போதே அவசரப் பிரிவுக்கு வாருங்கள். காய்ச்சலுடன் கூடிய முதுகுவலி, இரவில் உறங்கவிடாத வலி, காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றையும் காலந்தாழ்த்தாது காட்ட வேண்டும். வண்டியை விட்டு இறங்கிய பின்னும் விரல்களின் மரப்பு நீடித்தாலோ, பெருவிரல் அடித்தசை மெலிந்தாலோ நரம்புப் பரிசோதனை தேவை.

நரம்பு வலிக்குத் தரப்படும் கபபென்டின், பிரிகாபலின் போன்ற மாத்திரைகள் தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் உண்டாக்கக்கூடும். அவற்றைத் தொடங்கும்போதும் அளவை உயர்த்தும்போதும், உங்கள் உடல் எப்படி ஏற்கிறது என்று தெரியும்வரை வண்டி ஓட்டாதீர்கள்.

எவ்வளவு பொருத்தமான இருக்கையிலும் அசையாமல் நெடுநேரம் அமர முதுகெலும்பு படைக்கப்படவில்லை. முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள். அடுத்த முறை மருத்துவரைக் காண வரும்போது, பக்கவாட்டில் எடுத்த அந்தப் படத்தையும் எடுத்து வாருங்கள். எக்ஸ்ரே படம் எலும்பைக் காட்டும். அந்த எலும்பு நாள்தோறும் எந்த நிலையில் உழைக்கிறது என்பதைக் காட்டுவது உங்கள் கைபேசியிலுள்ள படமே.