சாய்ந்து நிற்கும் சக்கரம்!

காரின் முன்சக்கரங்கள் மேலே உள்பக்கமாகச் சாய்ந்திருக்கின்றன. வண்டி பழுதா? இல்லை! பந்தயத்துக்குத் தயாராக நிற்கிறது.

பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கார் பந்தயப் பாதை இருக்கிறது. 1990-ல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 3.7 கிலோ மீட்டர். வளைவுகள் 12!

வளைவில் வேகமாகத் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம் சாயும். பாரம் வெளிச்சக்கரத்தில் விழும். அப்போது டயரின் ஓரம்தான் தரையைப் பிடிக்கும். சக்கரத்தை முன்கூட்டியே இரண்டு, மூன்று டிகிரி உள்ளே சாய்த்து வைத்தால், வளைவில் அது நிமிரும். டயர் முழுவதும் தரையில் படியும்.

வீடு திரும்பும்போது?

அதே வண்டியில் குடும்பத்தோடு செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் போனால் ஆபத்து! நேர் சாலையில் டயரின் உள்ஓரம் மட்டும் தேயும். சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் தேய்மானம் இன்னும் அதிகம். வெளியே பார்த்தால் டயர் புதிதுபோலத் தோன்றும். உள்ளே நூல் தெரியும். வேகத்தில் வெடித்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே, பந்தயம் முடிந்ததும் சக்கரங்களைப் பழைய அளவுக்குத் திருப்பிவிட வேண்டும். டயரின் உள்ஓரத்தைக் குனிந்து பார்க்க வேண்டும்.

பந்தயச் சாய்வு பந்தயப் பாதைக்கு மட்டும்தான். பந்தய வேகமும் அப்படியே! கடற்கரைச் சாலைக்கு அது வேண்டாம்.