கல்லில் நின்ற தமிழும் கடல் கடந்த தமிழும்

செஞ்சியை அடுத்த தளவானூர்க் குன்றிலே, ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த சத்துருமல்லேசுவரம் என்னும் குகைக் கோயில் இருக்கிறது. அக்கோயிலின் புகழ் கூறும் தமிழ்ச் செய்யுள் ஒன்று அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. ஊரை விட்டு அகலாத ஜனங்களுக்கு அக்கல்லே போதும். பிழைப்பை நாடிக் கப்பலேறியவர்கள் குன்றைப் பெயர்த்துக்கொண்டு போக முடியுமா?

அவர்கள் நெஞ்சிலே கொண்டு சென்றது வழிபாட்டை. திரௌபதியம்மன் வழிபாட்டிற்குத் தாயகம் செஞ்சிச் சீமையே என்பர். அத்தேவிக்குரிய தீமிதி இன்றும் சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலிலே நடைபெறுகிறது. பிரெஞ்சு ஆட்சியிலுள்ள ரியூனியன் தீவிலும் தமிழ் வமிசத்தார் தீ மிதிக்கின்றனர். ஆனால், ரியூனியனில் அவர்களிற் பெரும்பாலோர் வீட்டிலே பேசுவது கிரியோல் பாஷை. சடங்கு பிழைத்தது, மொழி நழுவிற்று. சிங்கப்பூரிலோ தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்குகிறது. தாய்நாட்டின் அண்மை, இடையறாத போக்குவரத்து, பள்ளிக்கூடம் எனக் காரணங்கள் பல உண்டு. அவற்றோடு பத்திரிகையையும் நாம் சேர்த்து எண்ணுதல் வேண்டும்.

கடல் கடந்த இந்தியருக்குப் பத்திரிகையின் வலிமையைக் காந்தியடிகள் முன்னரே உணர்ந்திருந்தார். 1903-ல் டர்பனில் தோன்றிய 'இந்தியன் ஒப்பீனியன்' தொடக்கத்தில் ஆங்கிலம், குஜராத்தி, ஹிந்தி, தமிழ் ஆகிய நான்கு பாஷைகளிலும் வெளிவந்தது. சிங்கப்பூரில் 1935-ல் 'தமிழ் முரசு' பிறந்தது. அதனை வளர்த்த கோ. சாரங்கபாணி, ஜாதியாலும் மதத்தாலும் பிரிந்து கிடந்தோரை ஒன்றுகூட்ட 1952-ல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் எந்த இந்திய மொழிக்கு இடமளிப்பது என்ற கேள்வி எழுந்தபோது, தமிழுக்கே இடம் வேண்டுமென்று முரசு வாதாடியது. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரால் பொதுமக்களிடம் நிதியும் திரட்டியது. 1956-ல் அங்கே அமைந்த இந்தியவியல் துறையில் தமிழ் அரியணை ஏறிற்று.

எனினும், பத்திரிகை சிரஞ்சீவியன்று. கோலாலம்பூரில் 1924-ல் தோன்றிய 'தமிழ் நேசன்' 2019-ல் நின்றுபோயிற்று. படிப்போர் குறைந்தால் எந்த ஏடும் நில்லாது. இன்று திருவிழாவின் படமும் பாட்டும் கைப்பேசி வழியே நொடியில் கடல் கடக்கின்றன, அது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும், எழுத்தறியாத குழந்தைக்கு அது வேடிக்கையாக மட்டுமே முடியும். அயல்நாட்டிலுள்ள பேரக் குழந்தைகளுக்குப் பண்டிகைதோறும் பட்சணம் அனுப்பும் நம் வீடுகள், கூடவே ஒரு தமிழ்க் கடிதமும் அனுப்புமாக! அதைத் தாமே படிக்கும் பிள்ளைகள் இருக்கும்வரை, கடல் கடந்த தமிழுக்கு அழிவில்லை.