இராஜகனியின் நலன்கள்

பூவிருந்தவல்லியை அடுத்த மாங்காடு திருத்தலத்தில் அன்னை காமாட்சி, ஐந்து தீயின் நடுவே ஒற்றைக் காலில் நின்று தவமியற்றினாள். அத்தவத்தால் எழுந்த வெம்மை தணிய, ஆதிசங்கரர் எட்டு மூலிகைகளால் ஆன அர்த்தமேரு ஸ்ரீசக்கரத்தை இங்கு நிறுவினார் என்பது தலவரலாறு. ஆறு வாரம் தொடர்ந்து வழிபடும் அன்பர்கள் அன்னைக்குச் சமர்ப்பிக்கும் கனி எலுமிச்சை. இராஜகனி எனப் போற்றப்படும் இக்கனியும் வெம்மை தணிக்கும் இயல்புடையது.

பித்தம், குமட்டல், நாவறட்சி ஆகியவற்றைத் தணிக்கும் கனியாகச் சித்த மருத்துவம் எலுமிச்சையைக் கொள்கிறது. மேலைநாட்டினரும் இதன் பெருமையை உணர்ந்தனர். 1747ஆம் ஆண்டு ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்றில், ஈறுகளில் குருதி கசியும் ஸ்கர்வி நோயுற்ற 12 மாலுமிகளுக்கு மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஆறு வகை சிகிச்சை அளித்தார். நாள்தோறும் ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். இதற்குக் காரணமான சத்து வைட்டமின் 'சி' என்பது இருபதாம் நூற்றாண்டில் தெளிவாயிற்று.

நம் நாட்டு மகளிர் பலரை வாட்டும் இரத்தசோகைக்கும் இச்சத்து துணைபுரிகிறது. கீரை, பயறு, கேழ்வரகு முதலியவற்றில் இரும்புச்சத்து இருப்பினும், அதில் சிறு பகுதியையே உடல் ஏற்கிறது. அவ்வுணவுடன் எலுமிச்சைச் சாறு சேரும்போது இரும்புச்சத்து மிகுதியாக உட்கிரகிக்கப்படுகிறது. வைட்டமின் 'சி' வெப்பத்தால் அழியும். எனவே, உணவை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு சற்றுத் தணிந்தபின் சாறு பிழிதல் நன்று. உணவு உண்டவுடன் தேநீர், காப்பி அருந்தினால் இப்பயன் குறையும்.

எலுமிச்சைச் சாற்றில் உள்ள சிட்ரிக் அமிலம் சிலவகைச் சிறுநீரகக் கற்கள் உருவாவதைக் குறைக்க உதவுகிறது. கோடையில் வியர்வையால் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்ய, நீரில் சாற்றுடன் சிறிது உப்பும் சர்க்கரையும் கலந்து பருகலாம்.

சாற்றை நீர் கலவாமல் அருந்தினால் பற்களின் மேற்பூச்சு தேயும். செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் சாற்றை வைத்தல் கூடாது. வயிற்றுப்புண் உடையோர் மருத்துவரைக் கலந்து அருந்துக. நீரிழிவு நோயாளர் சர்க்கரையைத் தவிர்க்க. இரத்தசோகைக்கு மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாற்றை மட்டும் நம்புதல் தவறு. சாறு மருந்துக்குத் துணையேயன்றி மாற்று அன்று.

இராகு காலத்தில் துர்க்கையம்மனுக்கு எலுமிச்சை மூடியில் விளக்கேற்றும் அன்பர்கள் பலர், பிழிந்த சாற்றைக் கீழே கொட்டிவிடுகின்றனர். இல்லத்திலேயே பழத்தைக் கழுவி, தூய பாத்திரத்தில் சாற்றைப் பிழிந்து வைத்துவிட்டு, மூடிகளை மட்டும் ஆலயத்திற்குக் கொண்டு வரலாம். மூடி அன்னையின் சந்நிதியில் ஒளி தரும். சாறு இல்லத்தாருக்கு நலம் தரும். பிரசாதமாகப் பெற்ற கனியையும் உலர்ந்து வீணாக விடாது உணவில் சேர்ப்பதே சிறப்பு.

அன்னை காமாட்சியின் அருளால் அனைவரும் நோயற்ற வாழ்வு பெறுவார்களாக!