ஒரு கோரில் எழுப்பிப் பாருங்கள்

ஜெர்சி சிட்டியில் எக்ஸ்சேஞ்ச் பிளேஸ் கரையோரம் வரிசையாக நிதி நிறுவனங்கள். அவற்றில் ஒன்றில் லினக்ஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பங்குச்சந்தை காலை 9.30-க்குத் திறக்கும். அந்த நேரம் நெருங்கும்போது ஒரு சர்வர் பூட் ஆகாமல் பாதியில் நின்றால், கூட வேலை பார்க்கும் பையன்கள் பதறிவிடுவார்கள். "அண்ணா, ஓ.எஸ்.ஸை மறுபடி போட்டுடலாமா?" வேண்டாம் என்பேன். எங்கே நின்றது என்று பார்க்காமல் அழித்தால் தடயம்தான் போகும். கோளாறு திரும்பி வரும்.

இதே நியூ ஜெர்சியில், முர்ரே ஹில் பெல் ஆய்வகத்தில்தான் 1969-இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கினார்கள். அப்போது அது ஓடிய பிடிபி-7 இயந்திரத்துக்கு ஒரே பிராசஸர். யூனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸ், 1996-இல் வெளியான 2.0 பதிப்பில் பல பிராசஸர்களைக் கையாளத் தொடங்கியது. சிக்கலும் கூடவே வந்தது.

பவர் போட்டதும் பிராசஸரின் எல்லாக் கோர்களும் ஒன்றாக வேலையில் இறங்குவதில்லை. விடிகாலையில் எழுந்து அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மற்றவர்களை எழுப்பும் பெரியம்மா மாதிரி, ஒரு கோர் முதலில் எழுந்து கெர்னலைத் தொடங்கும். ஃபர்ம்வேர் தரும் அட்டவணையைப் பார்த்து மற்ற கோர்களை எழுப்பும். அட்டவணை தப்பாக இருந்தாலோ, ஒரு கோர் பதில் தராவிட்டாலோ, இன்டரப்ட் வழிமாறினாலோ பூட் தொங்கிவிடலாம்.

முதலில் திரையைப் பேசவிடுங்கள். பூட் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் ஆங்கில 'ஈ' எழுத்தை அழுத்தி, கெர்னல் வரியில் இருக்கும் 'கொயட்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, கன்ட்ரோல் எக்ஸ் கொடுங்கள். இந்த மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், பயம் வேண்டாம். கோர்களின் எண்கள் ஒவ்வொன்றாக வரும்போது நடுவில் நின்றுபோனால், சந்தேகம் எங்கே என்று தெரிந்துவிடும்.

அடுத்து, அதே வரியின் கடைசியில் 'மேக்ஸ்சிபியூஸ்=1' சேருங்கள். எழுந்துவிட்டால், மற்ற கோர்களை எழுப்புவதில்தான் வில்லங்கம். அதிலும் தொங்கி, 'நோஎஸ்எம்பி' போட்டால் எழுகிறதா? இன்டரப்ட்களைக் கோர்களுக்குப் பிரித்தனுப்பும் ஐஓ ஏபிக் பக்கம் பாருங்கள். 'நோஎஸ்எம்பி' அதையும் சேர்த்து அணைத்துவிடும். எதற்கும் எழவில்லை என்றால் டிஸ்க், டிரைவர் பக்கம் தேடுங்கள். ஃப்ரீபிஎஸ்டி வைத்திருப்பவர்கள் லோடரில் 'கெர்ன்.எஸ்எம்பி.டிசேபிள்டு=1' கொடுக்கலாம். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். இரண்டைச் சேர்த்து மாற்றினால், எது பலித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

'மேக்ஸ்சிபியூஸ்=1' கொடுத்து ஒற்றைக் கோரில் எழுந்த லினக்ஸில், நிறுத்திவைத்த கோர்களை ஓடும்போதே ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். எதைச் சேர்த்ததும் மெஷின் உறைகிறதோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதோ, பிராசஸரை மாற்றுவதோ, ஓ.எஸ்.ஸையே மறுபடி போடுவதோ, எதையும் காரணம் தெரிந்து செய்யலாம்.