தேயிலைத் தொழிற்சாலையில் புதிய தொழினுட்பம்

மாணவர்களே, திம்புள்ளப் பகுதியில் தலவாக்கலை, ஹற்றன் வழியே செல்லும்போது வரிசையாக யன்னல்கள் கொண்ட உயரமான கட்டடங்களைக் காணலாம். அவை தேயிலைத் தொழிற்சாலைகள். மலையக மக்கள் அவற்றை ‘ஸ்டோர்’ என்பர். அத்தனை மாடிகளும் யன்னல்களும் எதற்காக?

கொழுந்தின் நிறையில் முக்கால் பங்கு அல்லது அதற்கு மேல் நீராகும். உருட்டுவதற்கு முன் அதை வாட்ட வேண்டும். முற்காலத்தில் மேல்மாடிகளில், சாக்குத் துணித் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி, யன்னல் வழியே வரும் காற்றில் வாட்டினர். பின்னர் கம்பிவலை பொருத்திய நீண்ட தொட்டிகள் வந்தன. வலையின் மீது பரப்பிய கொழுந்தினூடாக மின்விசிறி வளியைச் செலுத்துகிறது. இதனால் இடமும் ஆட்களும் குறைவாகவே தேவைப்படுகின்றன.

கையின் வேலையை இயந்திரம் ஏற்பது இங்கு புதிதன்று. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லர், தொடக்கத்தில் கொழுந்தை மேசை மீது கையால் உருட்டச் செய்தார். பின்னர் உருட்டும் பொறி அவ்வேலையை ஏற்றது.

அண்மைக்கால மாற்றம் கண்ணின் வேலையில் ஏற்பட்டதாகும். உலர்ந்த தேயிலையிலிருந்து காம்பையும் நாரையும் பெண்கள் கையால் பொறுக்கினர். அடுத்து, உரோஞ்சலால் நிலைமின்னேற்றம் பெறும் உருளைகள் நாரைக் கவர்ந்து பிரித்தன. நிறம் பிரிக்கும் பொறியிலோ, விழும் துணிக்கைகளைக் கமரா நோக்குகிறது. வெளிறிய காம்பு தென்பட்டதும் வளித்தாரை அதை ஒதுக்கித் தள்ளுகிறது.

இதன் விளைவு என்ன? பலர் செய்த வேலையை ஒரு பொறியும் அதை இயக்கும் சிலரும் செய்கின்றனர். பொறியைச் சீர்செய்யவும் பழுதுபார்க்கவும் மின்னியல், கணினி அறிவுள்ளோர் தேவை. ஆனால் காம்பு பொறுக்கிய பெண்ணுக்கு அப்புதிய வேலை தானாகக் கிடைப்பதில்லை. பயிற்சி கிடைத்தால் மட்டுமே அவர் அதற்கு உரியவராவார்.

எல்லா வேலையும் பொறிக்குச் சென்றுவிடவுமில்லை. உருட்டிய இலை ஒட்சியேற்றம் அடையும்போது, உலர்த்த வேண்டிய தருணத்தை நிறத்தையும் மணத்தையும் கொண்டு தீர்மானிப்பதில் டீமேக்கரின் அனுபவம் இன்றும் முக்கியமானது.

எனவே, “தொழினுட்பம் வேலைவாய்ப்பைக் குறைக்கின்றதா?” என்ற வினா வந்தால் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். எந்த வேலை குறைந்தது, எது புதிதாக உருவாகியது, அதற்கான பயிற்சி யாருக்குக் கிடைத்தது ஆகிய மூன்றையும் உதாரணத்துடன் விளக்குங்கள். மூன்றாவதை மறவாதீர்கள், தொழிலாளியின் வாழ்வு உயர்வதும் தாழ்வதும் பெரிதும் அதிலேயே தங்கியுள்ளது.